வெயில் வாசலுக்கு வரட்டும்

கோயம்புத்தூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீடுகளில் எல்லாம் மொட்டைமாடி பூட்டியே கிடக்கும். சாவி வீட்டுக்காரரிடம். வடகம் பிழிய வேண்டுமென்றால் அம்மா முந்தின நாளே போய்க் கேட்க வேண்டும். "ஏனுங்க, நாளைக்கு ஒரு நாள் மாடி வேணுமுங்க" என்று அவள் படியில் நின்று கேட்டதை, பள்ளிக்கூடப் பையும் தோளுமாகப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். ஒரு வருடம் சாவி வரும். இன்னொரு வருடம், "தளமெல்லாம் கறையாகுதுங்க" என்று பதில் மட்டும் வரும்.

அம்மாவுக்குச் சொந்த வீடு என்றால் அறைகள் அல்ல, அலமாரிகள் அல்ல. யாரையும் கேட்காமல் ஒரு பழைய வேட்டியை விரித்து வடகம் பிழியக் கொஞ்சம் வெயில். அவ்வளவுதான். அதை எப்படியும் அவளுக்கு வாங்கிக் கொடுத்து, கூடவே வைத்துக்கொள்வது என்று நான் கல்லூரிக் காலத்திலேயே முடிவு செய்திருந்தேன்.

கோத்தகிரியில் வங்கி வேலை கிடைத்தது. கட்டபெட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும் அம்மாவைப் பஸ் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டேன். எதையும் ஆறப்போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அது மே மாதம்.

வீட்டை விற்றவர் இந்த மலையின் படகர் இனத்தவர். எதிர்ச்சரிவில் இருந்த ஹட்டிக்காரர்; படகர்கள் தங்கள் ஊரை ஹட்டி என்பார்கள். சொந்தமாகத் தேயிலை வைத்திருந்தார். நாங்கள் பார்த்த வீட்டை, கீழேயிருந்து வந்த யாரோ ஒருவர் ஆசையாகக் கட்டி, சீக்கிரமே அவரிடம் விற்றுவிட்டு இறங்கிப் போயிருந்தார். ஏன் போனார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலா இருந்தோம்? பின்னால் செங்குத்தாக மலை, அதன்மேல் கற்பூர மரங்கள். முன்னால் சிமெண்டுத் தளம் போட்ட அகலமான வாசல், அதற்கப்பால் தேயிலை இறங்கிப் போகும் பள்ளம். வாசல் முழுக்க வெயில்.

அம்மா ஒரு சுற்றுச் சுற்றி வந்து என் கையைக் கிள்ளினாள். "வடக்கு வாசல் கண்ணு! தெக்க உசரம், வடக்க பள்ளம். காசு குடுத்துச் சாஸ்திரம் பாத்தாலும் இப்பிடி அமையாது."

எதிர்ச்சரிவில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக இருந்தன. எங்கள் பக்கம் இது ஒன்றுதான். "உங்க ஆளுங்க எல்லாரும் ஏன் அந்தப் பக்கமே இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அங்க வெயில் அடிக்கும்மா" என்றார்.

"இங்கயும்தான் அடிக்குதே!" என்று வாசலைக் காட்டினேன். அவர் வாசலைப் பார்த்தார், பின்னால் இருந்த மலையைப் பார்த்தார். "அவசரமில்லம்மா. மார்கழி வரைக்கும் வாடகைக்கு இருந்து பாருங்க. பிடிச்சா அப்புறம் பேசிக்கலாம்."

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது அம்மா சொன்னாள்: "மார்கழி வரைக்கும் இழுத்து வெலைய ஏத்தலாம்னு பாக்கறாரு. உடாத."

விடவில்லை.

அந்த முதல் கோடையை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. வேலை முடிந்து ஏறி வரும்போதே, வளைவு தாண்டியதும் வாசலில் வெள்ளை வேட்டி தெரியும். அதன் ஓரத்தில் முக்காலி போட்டு, கையில் குச்சியோடு அம்மா. காக்காய் வந்தாலும் வராவிட்டாலும் குச்சியை ஆட்டுவாள். "யாரைக் கேட்டு இங்க காயப்போட்டீங்க?" என்று குரலை மாற்றி அதட்டுவேன். "போடி, என்ற வாசலு" என்பாள். தினமும் இதே விளையாட்டு. தினமும் அவளுக்குச் சிரிப்பு வரும்.

ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் போயின. மழையில் யாருக்குத்தான் வெயில் என்று இருந்துவிட்டோம். டிசம்பரில் வானம் பளிச்சென்று வெளுத்தது. எதிர்ச்சரிவு முழுக்க வெயில் கொட்டியது. எங்கள் வாசலுக்கு மட்டும் வரவில்லை. மலையின் நிழல் கூரையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, பள்ளத்துத் தேயிலை வரைக்கும் நீண்டு கிடந்தது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும் என்பதை வரைபடம் போட்டு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தத் தெற்கில் மலை இருந்தால் என்ன ஆகும் என்று எந்தக் கேள்வித்தாளிலும் கேட்கவில்லை.

உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்தது. பீரோவுக்குப் பின்சுவர் பச்சையாகப் பூத்தது. அம்மா ஸ்வெட்டருக்கு மேல் சால்வை சுற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்ப்பக்கத்தைப் பார்த்தபடி இருந்தாள். "அங்க பாரு, அவிய மொளகா காயப்போட்டிருக்காங்க." சற்றுப் பொறுத்து, "திருப்பிப் போடணும். இன்னும் திருப்பாம இருக்காங்க."

வீட்டை விற்றவரின் மனைவிக்கு எப்படியோ இது தெரிந்து, "நம்ம வாசல்ல வந்து போடுங்கம்மா, யாரு கேக்கறாங்க" என்று கூப்பிட்டனுப்பினார். அம்மா ஒரு நாள் போனாள். காபி, தேங்காய் பன் எல்லாம் கொடுத்து நன்றாகத்தான் கவனித்தார்கள். மாலையில் திரும்பி வந்து, காய்ந்ததை டப்பாவில் கொட்டியவளிடம், "நாளைக்கும் போறியாம்மா?" என்றேன்.

"தங்கமான மனுசங்க கண்ணு" என்று தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "ஆனா அங்கியும் கேட்டுத்தானே போடோணும்."

பொங்கலுக்கு முன்பே, கோயம்புத்தூரில் சித்தி வீட்டுக்கு மூட்டை கட்டினாள். பஸ் கிளம்புமுன் ஜன்னல் வழியே கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். "கோவிச்சுட்டுப் போகல சாமி. முட்டி ரெண்டும் புடிச்சுக்குது. வெயிலு வாசலுக்கு வந்தா சொல்லு."

அதன்பிறகு எனக்கு அது ஒன்றே வேலை. காலையில் புறப்படுமுன் நிழல் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேயிலைக்குள் இறங்கி, வெயில் தொடங்குகிற இடத்தில் போய் நின்று வீட்டைத் திரும்பிப் பார்ப்பேன். நல்ல வீடுதான். பூட்டின கதவும் காலி முக்காலியுமாக, யாரோ விட்டுவிட்டுப் போனது போல இருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அம்மாவுக்கு போன். "வேலிக்கு வந்துருச்சும்மா." "ம்." "கொய்யா மரத்தைத் தொட்டுருச்சும்மா." "சரி சாப்பிடு." பின்னால் சித்தி வீட்டு டிவி சத்தமும் சித்தி பிள்ளைகளின் சிரிப்பும் கேட்கும். அங்கே மொட்டைமாடிக்குப் பூட்டில்லை.

மாசியில் ஒரு விடுமுறை நாள். உச்சி வேளையில் வாசலின் வடக்கு விளிம்பில் ஒரு கீற்று விழுந்தது. வேட்டியை எடுத்து நாலாக மடித்து அதில் போட்டேன். நிழல் நகர, நானும் இழுத்து இழுத்துப் போட்டேன். எதுவும் காயப்போடவில்லை. வெறும் வேட்டிதான். அது சூடானதும் மடியில் வைத்துக்கொண்டு போன் செய்தேன்.

"அம்மா, வாசலுக்கு வந்துருச்சு."

"எவ்வளவு?"

"ஒரு முழம் இருக்கும்."

"ஒரு முழத்துல என்னத்தப் புழியறது?" என்றாள்.

நான் மடியில் இருந்த வேட்டியின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது. அம்மா எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும்.

"ஏங்கண்ணு," என்றாள், "மேல் பலகையில ஜவ்வரிசி வெச்சிருந்தேன். பூச்சி கீச்சி உழுந்திருக்குதான்னு பாரு. உழுந்திருந்தா சொல்லு, வரும்போது இங்கிருந்து வாங்கிட்டு வந்தர்றேன்."