மூச்சு விடும் இடத்தில் பக்கம் முடிய

அராபாவின் கைகள் மெல்லிய துணியால் திரையின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தன. கீறல் போகவில்லை. அதை விட்டுவிட்டுக் கைகள் அடுத்த கருவியை எடுத்தன. இரண்டுமே காகிதம்போல ஒளி வீசாத திரை கொண்ட பழைய இ-இங்க் ரீடர்கள், மின்னூல் படிக்கும் கருவிகள். ஒன்று உள்ளங்கை அளவு, மற்றது முழுத்தாள் அளவு.

அராபா எங்கள் கடற்கரை ஊரான கேப் கோஸ்டின் சந்தையில் போன் பழுது பார்ப்பவள். எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ பாடுவாள், நான் ஆண்களின் கீழ்க்குரலான பாஸ். குழுவை நடத்தும் பைடூ மாஸ்டருக்குக் கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு டேப்லெட் வெளிச்சம் பட்டாலே நீர் கொட்டியது. பெரிதாக நகலெடுத்த தாள்களைக் கடற்காற்று பறக்கடித்தது. அறுவடைத் திருநாளுக்குள் வழி பிறக்காவிட்டால் குழுவை நடத்தும் கோலை, ஆண்களின் மேல்குரலான டெனர் பாடும் எபோவிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

"சின்னதே போதும்மா. எழுத்தை எவ்வளவு பெருசாக்குது பாரு!" என்றார் கடைக்கு வந்த மாஸ்டர்.

அராபாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஒத்திகையில் மாஸ்டர் டெனர்களை நோக்கிக் கையசைத்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"என்னடா, காலையில தின்ன கென்கே உருண்டை இன்னும் தொண்டையிலயே நிக்குதா?"

"மாஸ்டர், நாங்க ஆரம்பிக்க இன்னும் ரெண்டு தாளத் தட்டு பாக்கி இருக்கு!" என்றான் எபோ.

அராபா எட்டிப் பார்த்தாள். நாங்கள் தோ, ரே, மி என்ற ஸ்வரங்களின் முதலெழுத்துகளைப் பார்த்துத்தான் பாடுவோம். நான்கு குரலுக்கும் நான்கு வரி, தட்டுக்குத் தட்டு நேர்கீழாக நிற்க வேண்டும். கருவியோ அதைக் கதைப் புத்தகம் என்று நினைத்து, எழுத்தைப் பெரிதாக்கும்போதே வரிகளை மடித்து இறக்கிவிட்டிருந்தது.

"தப்பு என்னோடது மாஸ்டர். பெரிய திரைதான் வேணும். பக்கத்து ஓரத்துல இருக்கற வெத்திடத்தை வெட்டிட்டா, வரி மடங்காமலே எழுத்து பெருசாகும்."

பெரியதில் வரிகள் அசையவில்லை. ஆனால் பக்கம் திருப்பும்போதெல்லாம் திரை ஒருமுறை கறுத்து, மெதுவாகத் தெளிந்தது.

"இது தெளியறதுக்குள்ள சோப்ரானோ பொண்ணுங்க வீட்டுக்கே போயிடுவாங்க!" என்றார் மாஸ்டர்.

"போனா கூட்டிட்டு வரேன். நீங்க ஒருதடவை முழுசா பாடவிடுங்க."

நாங்கள் பாடினோம். நால்வகைக் குரலும் சேர்ந்து மூச்சு விடும் இடங்களை அவள் பென்சிலால் குறித்தாள். பிறகு கடையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமும் அந்த மூச்சில் முடியும்படி எல்லாப் பாட்டையும் வெட்டி ஒட்டினாள். நால்வரும் சேர்ந்து மூச்சே விடாத பாட்டுகளில், முடியும் வரியையே அடுத்த பக்கத்தின் தலையிலும் வைத்தாள். ஒரு பாட்டை என்னிடம் காட்டி, "இதுல பாஸ் எப்பத்தான் மூச்சு விடுவீங்க அண்ணே?" என்று கேட்டாள். நாங்கள் திருட்டுத்தனமாக விடுவோம் என்றேன். சிரிக்காமல் அந்தப் பக்கத்தை மறுபடி வெட்டினாள்.

திருநாள் காலை, தேவாலயத்தில் பாடகர்கள் நுழையும் வாசலில் கருவியை நீட்டினாள். மாஸ்டரின் வலக்கையில் கோல் இருந்தது. இடக்கையால் வாங்க அவருக்கு மனம் வரவில்லை. கோலை எபோவிடம் கொடுத்தார்.

"பிடிடா. இதை வாங்கிக்கற வரைக்கும்தான்."

வலக்கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.