இசக்கி மேல் ஏறிப் படுத்த சீனி: மயிலாடியில் ஒரு முற்பகல்

நாயையும் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது எப்படி என்று எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நல்லா கேட்டீங்க போங்க! போன பங்குனியில் எங்கள் சீனியோடு மயிலாடிக்குப் போன கதையைச் சொல்கிறேன், படித்துவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்கள்.

சீனி ஆறு வயது லேப்ரடார், முப்பத்திரண்டு கிலோ. நான் வெளியூர் போனால் மாடிவீட்டு அக்காதான் அவனைப் பார்த்துக்கொள்வார். கிளம்புகிற அன்றைக்கென்று பார்த்து அவருக்குக் காய்ச்சல். லீவும் போட்டாச்சு, நாகர்கோவிலில் அறையும் சொல்லியாச்சு. வந்து தொலைடா என்று காரில் ஏற்றினேன். மதுரையிலிருந்து நாகர்கோவிலுக்கு இருநூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர், நாலரை மணி நேரம். எனக்கு ஆறரை ஆனது, ஏனென்றால் சீனித் துரைக்கு வண்டியில் வாந்தி வரும்.

லாட்ஜில் மேனேஜர் அவனைப் பார்த்ததுமே, "நாய உள்ள கேத்தப் பத்தாது கேட்டியளா" என்றார், அதாவது உள்ளே விடமுடியாதாம். கெஞ்சிக் கூத்தாடி, முந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, ஜெனரேட்டர் பக்கத்து அறையை வாங்கினேன். ஜெனரேட்டர் ஓடும்போதெல்லாம் சீனி குரைத்தான். தூக்கம் போச்சு.

மறுநாள் காலை எட்டரைக்குக் கிளம்பி, சுசீந்திரம் வழியாகப் பன்னிரண்டு கிலோமீட்டர். ரோட்டின் இரண்டு பக்கமும் பிள்ளையார், நந்தி, அம்மி, தூண் என்று கல்லாகவே கிடக்கிறது. அழகான ஊர், பார்க்கவேண்டிய ஊர். ஆனால் நான் எங்கே பார்த்தேன்? மிஷின் சத்தத்துக்கு ஒரு குரைப்பு, கல்தூசிக்கு ஒரு தும்மல், தூணைக் கண்டால் காலைத் தூக்கப் பார்ப்பது. கயிற்றை இழுத்து இழுத்து என் தோள்பட்டை கழன்றுவிட்டது.

ஒரு பட்டறையில் செல்வம் என்ற சிற்பி உள்ளே வரச் சொன்னார். நாற்பது வயதிருக்கும். "நாயி வந்தா குத்தமில்ல. கயித்த மட்டும் விட்டுராதீங்க எக்கா" என்றார். விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். ஒரு யாளியின் பல்வரிசையைப் படம் எடுக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. ஒரே நிமிஷம். திரும்பினால் சீனியைக் காணோம்.

பட்டறைக்குப் பின்னால் ஓலைக்கொட்டகை. அங்கே மல்லாக்கக் கிடத்தியிருந்தது ஒரு இசக்கியம்மன் சிலை. ஆளுயரம், இடுப்பில் பிள்ளை. கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம், பக்கத்தில் வாழையிலை. இலை காலி. படைத்திருந்த முந்திரிக்கொத்துப் பலகாரம், மட்டி வாழைப்பழம் எல்லாவற்றையும் தின்றுவிட்டு, குளுகுளுவென்றிருந்த கல்லில் அம்மன் நெஞ்சின்மேல் நீட்டி நிமிர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான் என் வீட்டுச் சனியன்.

அடப்பாவி என்று நான் ஓடவும், சிலையை எடுத்துப்போக வேனோடு வந்திருந்த குடும்பம் டீ குடித்துவிட்டு உள்ளே வரவும் சரியாக இருந்தது. அந்த வீட்டம்மா போட்ட கூச்சலில் சீனி எழுந்து வாலை ஆட்டினான். அவர் வீட்டுக்காரர், பெரியவர் தாணு அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"என்னவே செல்வம் இது? நாயி ஏறிக் கெடந்த சாமிய ஊருக்கு எப்பிடிவே கொண்டு போறது? எங்களுக்கு வேண்டாம்!"

நான் மன்னிப்புக் கேட்டேன், கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வேன்காரரை வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார்.

செல்வம் செருப்பைக் கழற்றிவிட்டு, நேராகப் போய் அந்தச் சிலைமேல் ஏறி நின்றார்.

"எட்டு மாசமா இப்பிடி ஏறி நின்னுதான் அண்ணாச்சி செதுக்குனேன். எனக்க வேர்வ விழாத எடம் இதுல இல்ல. இன்னும் கண்ணு தொறக்கல்ல. கண்ணு தொறக்குறது வர இது கல்லு. கல்லுக்குப் படைக்காதீங்கன்னு காலையிலயே சொன்னனா இல்லியா? கல்லுக்கு ஏது வாயி? வாயுள்ளது வந்து தின்னுட்டு."

சிலைக்குக் கண் திறப்பது கடைசி வேலையாம். கோயிலில் வைத்து, சடங்கு செய்து, சிற்பி உளியால் கருவிழியைக் கீறிய பிறகுதான் அது சாமி. இவர்களோ பக்தி தாங்காமல் அதற்குமுன்பே மாலை போட்டுப் படையலும் வைத்துவிட்டார்கள்.

அண்ணாச்சி அசையவில்லை. ஆனால் அந்தம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"நானும் சொன்னேன்லா, கோயில்ல வச்சுப் படைப்போம்னு? கேட்டியளா? நீங்க வச்ச எலை, நாயி தின்னுட்டு. இனி அதுக்கு செதுக்குன இந்தப் பிள்ள என்ன செய்வான்?" சொல்லிக்கொண்டே மஞ்சள் கரைத்த தண்ணீரை வாளியோடு எடுத்துச் சிலையின் தலையிலிருந்து கால்வரை ஊற்றினார். "எப்பிடியும் கண்ணு தொறக்குறதுக்கு முன்ன தண்ணிக்குள்ள கெடத்தத்தான போறோம். ஏத்துங்க மக்கா."

அண்ணாச்சி வேன்காரரை நிற்கச் சொன்னார். அப்புறம் மெதுவாக வந்து சிலையைத் தூக்கும் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்தார். அப்பாடா!

வேன் போனதும் செல்வம் கல்தூசியிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன், பாதியைக் குடித்துவிட்டு மீதியை முகத்தில் ஊற்றிக்கொண்டார். "ஒரு ஊரு வேண்டாம்னு சொன்ன சாமிய வேற எந்த ஊரும் எடுக்காது எக்கா. ஒடச்சுத்தான் போடணும்."

"யார் உடைப்பாங்க?"

"நாந்தான். வேற யாரு தொடுவா?"

வாயில் முந்திரிக்கொத்துத் துணுக்கோடு சீனி அவர் மடியில் போய்த் தலையை வைத்தான். அவர் தட்டிக்கொடுத்தார், அதைப் பார்க்க எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

இனி விவரம். மயிலாடிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், உச்சிவெயில் தாங்காது. நாகர்கோவிலிலிருந்து டவுன் பஸ் இருக்கிறது. பட்டறை பார்க்கக் கட்டணம் கிடையாது, ஆனால் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். தரையில் கிடப்பது எதையும் தாண்டாதீர்கள். தண்ணீர் பாட்டில், தூசிக்கு ஒரு துண்டு.

நாயா? வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லையா, பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். நமக்கு அது ஒரு லீவு நாள். அந்த மனிதருக்கு, தான் செதுக்கிய முகத்தில் தானே சுத்தியலை இறக்கவேண்டிய நாளாக ஆகியிருக்கும்.