முழங்கை உயரம்

மனித அறிவுக்கு எட்டாத சக்திகள் இவ்வுலகில் உண்டு. இருபத்திரண்டு ஆண்டுகளில் முந்நூற்றுப் பதினேழு சமையலறைகளைப் படைத்தவன் என்ற முறையில் இதைச் சத்தியம் செய்து சொல்கிறேன். என் விசிட்டிங் கார்டில் ‘சமையலறைச் சிற்பி’ என்று பொன்னெழுத்தில் அச்சடித்திருக்கும். எனக்குச் சமைக்கத் தெரியாது. நான் வெந்நீர் வைத்தால் அதுவும் அடிப்பிடிக்கும் என்பாள் மனைவி.

அது கிடக்கட்டும். நடந்தது நிஜம்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலையில் வீட்டுக்காரர் போன் செய்தார்.

“சார், நாளைக்கு எலக்ட்ரீஷியன் சுவரை வெட்ட வர்றாரு. ஓவன், டிஷ்வாஷர், ஃப்ரிட்ஜ் எல்லாம் எங்கெங்கன்னு இன்னிக்கே முடிவாகணும். பன்னெண்டு வருஷமா என் வீட்டுக்காரி கேட்ட கிச்சன் இது. அவ ஆசைப்பட்ட மாதிரியே இருக்கணும். எனக்கு ஒண்ணுமே புரியல.”

“நான் இருக்கும்போது உங்களுக்கு எதுக்கு சார் புரியணும்?” என்றேன்.

நாலு மணிக்கு வருவதாகச் சொன்னார். சாவி மீட்டர் பெட்டிக்குள் இருந்தது.

மணி 2:50. பூட்டைத் திறந்து உள்ளே போனேன். சமையலறையில் ஓர் அம்மா நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். இடது மணிக்கட்டில் பழைய தீக்காயத் தழும்பு. வெளியே பூட்டிய வீட்டுக்குள் இவர் எப்படி... என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். வீட்டுக்காரரின் மனைவி, பின்கதவு வழியாக வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

“வணக்கம்மா. கிச்சன் டிசைனர்” என்றேன். அவர் தலையசைத்தார்.

என் வேலை முறை இதுதான். சாமான் வருவதற்கு முன்பே அதன் அளவுக்குச் சுவரில் காகித டேப் ஒட்டிக் கட்டம் போட்டுவிடுவேன். சமைக்கிறவரை அதன் எதிரில் நிற்க வைத்து, தரையிலிருந்து முழங்கை வரை அளப்பேன். ஓவன் அந்த உயரத்தில் இருந்தால் குனியவும் வேண்டாம், எட்டவும் வேண்டாம். வெளிநாட்டுப் பயிற்சியில் கற்றது என்பேன். மூன்று நாள் பயிற்சி. அதில் ஒரு நாள் படகுச் சவாரி.

அந்த அம்மாவுக்கு முதல் அளவு தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர்.

ஃப்ரிட்ஜ் கட்டத்துக்குப் பக்கத்தில் ஓவன் கட்டத்தை ஒட்டினேன். அந்த அம்மா ஏதோ சொன்னார். நான் அப்போது அடுப்பு, தொட்டி, ஃப்ரிட்ஜ் மூன்றுக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரம் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன்.

“எழுதிக்கிட்டீங்களா?” என்று கேட்டார்.

“எழுதிட்டேம்மா.”

காலி அறை. என் குரல் நான்கு சுவரிலும் மோதித் திரும்பியது. அவர் குரல் திரும்பவில்லை. என் குரலில் கம்பீரம் அதிகம் என்று எடுத்துக்கொண்டேன்.

3:10. சர்ர்ர்க்... ஓவன் கட்டம் தானாக உரிந்து விழுந்தது. ஈரச் சுவர் என்று மறுபடி ஒட்டினேன். மறுபடி அளந்தேன்.

நூற்று மூன்று.

ஐந்து சென்டிமீட்டர் எப்படிக் கூடும்? அளக்கும் டேப் பழசு என்று திட்டினேன். அவர் மறுபடி ஏதோ சொன்னார். நீளமாகவே சொன்னார். தழும்பைக் காட்டி, குனிவது போல் செய்து காட்டினார். “உங்களுக்கு ஏம்மா கவலை? நாங்க பாத்துப்போம்” என்றேன்.

“எழுதிக்கிட்டீங்களா?”

“எழுதிட்டேம்மா.”

மூலைக் குழாயிலிருந்து வாளியில் சொட்டும் சத்தம். டொக்... டொக்... அவர் பேசும்போது மட்டும் அது நின்றிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

3:25. சர்ர்ர்க்...

கட்டம் மறுபடி விழுந்தது.

அளந்தேன். நூற்றுப் பதினொன்று.

டேப்பின் நுனியை அவர் காலடியில் அழுத்திப் பிடிக்கக் குனிந்தேன்.

சேலையின் கரை தெரிந்தது. கீழே தரை ஓடு தெரிந்தது. இரண்டு ஓடுகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு. அது நேராக ஓடி, அவருக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் வெளியே வந்தது.

நடுவில் எதுவும் இல்லை.

நிமிரவில்லை.

நிமிர முடியவில்லை.

மேலேயிருந்து அந்தக் குரல் மூன்றாம் முறையாக, பொறுமையாகச் சொன்னது. என் காதில் என் ரத்தம் ஓடும் சத்தம் மட்டும்...

“எழுதிக்கிட்டீங்களா?”

“எ... எழுதிட்டேம்மா.”

“அப்பாடா” என்றார்.

டொக்.

நிமிர்ந்தேன். யாரும் இல்லை.

4:05-க்கு வீட்டுக்காரர் வந்தபோது நான் வாசற்படியில், செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “உள்ள... உங்க மனைவி...” என்றேன்.

“அவ போய் அஞ்சு மாசம் ஆச்சு சார்.”

தழும்பைச் சொன்னேன். அவர் பயப்படவில்லை. செருப்போடு உள்ளே ஓடினார். சமையலறையில் “ஏம்மா... ஏம்மா...” என்று கூப்பிடுவது கேட்டது. அவர் குரல் மட்டும் நான்கு சுவரிலும் மோதித் திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பழைய வீட்டுல ஓவன் தரையோட இருந்துச்சு. இடுப்பு வலியோட குனிஞ்சு எடுக்கும்போது சுட்டுக்கிட்டா. புது கிச்சன்ல எங்க வைக்கணும்னு எத்தனையோ தடவை சொன்னா சார். நான் டிவி பாத்துக்கிட்டே ‘ம்’ கொட்டிட்டேன். அவ போனப்புறம் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஒரு வார்த்தை ஞாபகம் வரல.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்ககிட்ட சொன்னாளா?”

“சொன்னாங்க.”

அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் எந்த வாடிக்கையாளரிடமும் பார்த்ததில்லை.

“எங்க வைக்கச் சொன்னா?”

நோட்டைத் திறந்தேன். மூன்று பக்கம் எழுதியிருந்தேன். மூன்றும் என் யோசனைகள். அந்த அம்மா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.