உயிரோடு இருப்பவனுக்கு ஓர் ஒப்பாரி

என் தங்கை ரெங்கம்மாளின் பாட்டு ஆல்பமாக வந்திருக்கிறது. மொத்தம் எட்டு. ஐந்து, மற்றவர்களிடம் கேட்டுப் படித்தவை. மூன்று, அவளே கட்டியவை. அந்த ஐந்தையும் யார் யாரிடம் படித்தாள் என்று விசாரித்து, அட்டையில் பெயர் போட வைத்தவன் நான். ஒரு பெயரும் தப்பில்லை.

விக்கிரமங்கலத்தில் பிறந்து பூலாம்பாடியில் வாழ்க்கைப்பட்டவள். பருத்தி எடுத்துப் பிள்ளைகளை ஆளாக்கினாள். சுற்றுவட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். செத்தவர் எப்படி நடப்பார், எப்படி வெற்றிலை மடிப்பார் என்பதெல்லாம் பாட்டில் வந்துவிடும்.

பெரம்பலூர் ஸ்டுடியோவில் ஏழு பாட்டு இரண்டே நாளில் முடிந்தது. எட்டாவதாக, அண்ணனுக்கு அழும் ஒப்பாரி வேண்டும் என்றார் ஒலிப்பதிவு செய்த சுதர்சன். ரெங்கம்மாள் எழுந்துவிட்டாள். சாவு வீட்டைத் தவிர வேறெங்கும் ஒப்பாரி பாடுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அவளுக்கு அண்ணன் நான் ஒருவன்தான். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"சும்மா ஒரு பாட்டுதானேக்கா?"

"சும்மா பாடற பாட்டா தம்பி அது? கல்லு மாதிரி உக்காந்திருக்குதே எங்கண்ணன், அத வச்சுக்கிட்டா?"

ஒப்பாரி இல்லாமல் ரெங்கம்மாள் ஆல்பம் என்றால் ஊரில் எவன் நம்புவான்? நான் சொன்னேன்: "எப்படியும் ஒருநாள் பாடத்தானே போற. அன்னைக்கு எனக்குக் கேக்காது. இன்னைக்கே கேட்டுட்டுப் போறேன், பாடு புள்ள."

"வாயைக் கழுவுண்ணே!" என்று கத்தினாள். கடைசியில், நான் கட்டடத்தில் இருக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தாள். எதிர்க்கடையில் இரண்டு டீ குடித்தேன். வெளியே வந்தவள் முகம் வீங்கியிருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.

ஒரே தடவையில் பாடிவிட்டாளாம். பிறகு பதிவைப் போட்டுக் கேட்டேன். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பது, சட்டையைத் தலையணைக்கடியில் மடித்து வைப்பது, எல்லாம் நான். அப்புறம் இது வந்தது:

"ஐப்பசி மாசத்துல
அடமழை நாளையில
கொடய மறந்து போனியே
கூடப் பொறந்தவனே..."

நான் எதையும் மறக்கிறவன் இல்லை. "ஏன் புள்ள ஐப்பசின்னு வச்ச?" என்று கேட்டேன். "நான் வக்கலண்ணே, அதுவா வந்துச்சு. எடுத்துடச் சொல்லு" என்று அழுதாள். எடுக்க வேண்டாம் என்று சுதர்சனிடம் சொல்லிவிட்டேன். அவள் பாடியதில் அதைவிட உசத்தி எதுவும் இல்லை.

ஆவணியில் ஆல்பம் வந்தது. அதே மாதம் மீன்சுருட்டியில் ஒரு கிழவி இறந்து, ரெங்கம்மாளைக் கூப்பிட்டார்கள். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்தவளுக்கு என் பாட்டுதான் வந்திருக்கிறது. மறுபடி முயன்றும் அதுவே. பாதியில் எழுந்து வந்துவிட்டாள். அதன்பின் எந்தச் சாவுக்கும் போவதில்லை.

இன்று ஐப்பசி ஒன்பது. மழை விடவில்லை. காலையிலிருந்து நான்கு முறை போன் செய்துவிட்டாள்.

"இருக்கியாண்ணே?"

"இருக்கேன் புள்ள."

அவ்வளவுதான். வைத்துவிடுகிறாள்.