கழிப்பறைக் கூரையில் ஒரு கையெழுத்து

எங்கள் வீட்டின் முதல் பட்டம், கட்டடப் பொறியியல் வகுப்பில் முதலிடம், "பொண்ணுக்கு எதுக்கு சிமெண்ட் படிப்பு?" என்று கேட்ட சித்தப்பாவின் வாயை அடைத்தது: இவை என் தங்கை வென்றவை. மூன்றாவதுதான் கடினம்.

பட்டம் வாங்கியதும் பெருநகரத்துக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். ஏன் என்று என் சலூனுக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். ஒருவர் தியேட்டர்கள் என்றார். ஒருவர் காதல் என்றார். பக்கத்துக் கடைக்காரர், "அங்க காபி நல்லா இருக்குமாம்" என்றார். கழுத்தருகே கத்தரி இருக்கும்போதே இவ்வளவு ஆராய்ச்சி.

எங்கள் ஊரில் கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றுதான். அதன் முதலாளி அப்பாவின் நண்பர். தங்கைக்கு வேலை தருகிறேன் என்றார். அவளைக் கையோடு கூட்டிவர அப்பா என்னை அனுப்பினார்.

அவள் அறையில் கட்டில் போட்டால் கதவு திறக்காது. அதனால் மெத்தை தரையில். ஜன்னலுக்கு வெளியே கைநீட்டினால் அடுத்த கட்டடத்தின் சுவர்.

"இந்த அரண்மனைக்கா பாதிச் சம்பளம் போகுது?"

"முக்கால்வாசி, அண்ணா."

"நம்ம ஊர் ஆபீஸ் மாமா உனக்குப் புது நாற்காலியே வாங்கிப் போட்டுட்டார். கிளம்பு."

"அவர்கிட்ட ஒண்ணு கேளு. நான் போடுற வரைபடத்துல யார் கையெழுத்து போடுவாங்க?"

அங்கிருந்தே போன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன். முதலாளி பெருந்தன்மையானவர். "பாப்பாவுக்கு எதுக்கு அந்தத் தொல்லை? அது வரையட்டும். நான் இருக்கிற வரைக்கும் கையெழுத்து நான் போட்டுக்கிறேன்."

போனை வைத்தேன்.

"இங்க மட்டும் உன்னைப் போட விடுவாங்களா?"

"அடுத்த வாரம் ஒண்ணு வருது. கணக்கும் என்னோடது, கையெழுத்தும் என்னோடது."

"என்ன கட்டடம்?"

"பஸ் ஸ்டாண்ட் கழிப்பறை. அதோட கூரை."

"இதுக்கா பட்டம் வாங்கின?"

"அது இடிஞ்சு விழுந்தா என்னைத்தான் பிடிப்பாங்க, அண்ணா." பரிசு கிடைத்தவள்போல் சொன்னாள்.

அப்பாவைக் கூப்பிட்டேன். "அவ வரல. நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லுங்க."

"அப்படி என்னடா இருக்கு அங்க?"

"காபி நல்லா இருக்குப்பா."

அடுத்த முறை போனபோது நல்ல மழை. முதலில் அந்தக் கழிப்பறைக்குத்தான் போனேன். வந்த வேலையை விட்டுவிட்டு மூலை மூலையாக அண்ணாந்து பார்த்தேன். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். எங்கும் ஒழுகவில்லை. அன்று மாலை வரைபடத்தின் நகலைக் காட்டினாள். கீழ் மூலையில் அவள் பெயர், அதன் கீழே தேதி: 2017 ஆகஸ்ட் 9.