எல்லைக்குள் இப்ராஹிம், எல்லைக்கு வெளியே நான்

இணைய முகவரிப் பதிவில் நடக்கும் முறைகேடுகளுக்கு விதி எழுதப் போகிறவர்கள், எதுவரை தங்கள் வேலை என்று முதலில் எல்லை வகுக்கிறார்கள். பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். இன்று பதில் வந்தது.

திண்டுக்கல்லில் இந்த அறிவிப்பை முதலில் கண்டுபிடித்தவன் நான். எதிர்க்கடை இப்ராஹிமிடம் சொன்னவனும் நான். என் புகாரோடு அவருடைய புகாரையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவனும் நானே.

அவருடைய தோல்பைக் கடையின் பெயரை எவனோ தன் இணைய முகவரியாகப் பதிந்துகொண்டான். அது எல்லைக்குள் வருகிறதாம்.

என் கடைப் பைகளின் படங்களைத் திருடி, எவனோ வேறு பெயரில் தளம் நடத்துகிறான். அது பதிவுக்குப் பிறகு நடந்த தவறாம். எல்லைக்கு வெளியே.

பிரவுசிங் சென்டரில் இப்ராஹிம் சிரித்தார். "என்னண்ணே, மூஞ்சி இம்புட்டு வாடிப்போச்சு? உங்களுக்கும் சேத்து நான் எழுதுறேன்."

"நீ ஒண்ணும் எழுத வேணாம் தம்பி. எனக்கு எழுதத் தெரியும்."

"சரிண்ணே. ஆனா நம்ம கடைப் பேருக்கு ஊரு தாண்டிக் கிராக்கி, பாத்தீங்களா!"

எல்லையை மாற்றச் சொல்லி மறுபடியும் எழுதி அனுப்பிவிட்டேன். மாற்றும்வரை விடமாட்டேன்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. படத்தைத் திருடியவன், கடைப் பெயரை மட்டும் ஏன் விட்டுவைத்தான்? என் கடைப் பெயருக்கு என்ன குறைச்சல்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.