வள்ளி அக்காவுக்கு நான் படித்துக்காட்டிய முடிவு

காய்ந்த எண்ணெயில் சீப்புச்சீடை விழும்போது முதலில் ஒரு சீறல், பிறகு ஆயிரம் கொப்புளங்களின் முணுமுணுப்பு, அது அடங்கும் நேரத்தில் ஜல்லிக்கரண்டி சட்டியில் உரசும் சத்தம். இந்த மூன்றுக்கும் நடுவில் குரலை எங்கே ஏற்றி எங்கே இறக்கினால் மூலையில் இருப்பவருக்கும் கேட்கும் என்பது பன்னிரண்டு வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. அப்படி ஏற்றி இறக்கி ஒரு வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்த ஒரு மதியத்தில்தான் கண் ஒரு வரியைப் பார்க்க, வாய் வேறொரு வரியைச் சொன்னது. நான் எழுத்தாளரானது அந்த நிமிடத்தில்தான் என்று மேடைகளில் சொல்லியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். சொல்லாமல் விட்ட மீதிதான் இந்தக் கட்டுரை.

காரைக்குடியில் கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுக்கும் ஓர் ஆச்சியின் கொட்டகை அது. அம்மா அங்கே வேலை பார்த்தார். அப்பா மரவேலைக்கு வெளியூர் போய்விடுவார் என்பதால், முழுப்பரீட்சை லீவு விட்டதும் அம்மா என்னையும் கையோடு கூட்டிப்போய்விடுவார். கொட்டகையில் டி.வி. கிடையாது. பெண்கள் கேட்டதற்கு ஆச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம்: "கண்ணு அங்குட்டுப் போச்சுன்னா கை எண்ணெய்க்குள்ள போகும். காதுக்கு மட்டும் என்ன வேணாலும் வச்சுக்கங்க." அதனால் கதை படிக்கும் வழக்கம் வந்தது. ஒருத்தி படிக்க வேண்டும், மற்றவர்கள் தங்கள் தட்டோடு சேர்த்து அவள் தட்டையும் ஆளுக்குக் கொஞ்சமாகச் சீடை சுருட்டிப் போட்டு நிரப்ப வேண்டும். அதற்குப் பெயர் "படிக்கிறவ பங்கு". அதுவரை படித்துக்கொண்டிருந்த மூக்காயி அத்தை எழுத்துக் கூட்டி, மூச்சு வாங்கி, கொலையைக் கூடச் சாவகாசமாகப் படிப்பவர். நான் போன முதல் நாளே, "இந்தப் பிள்ளை ரயிலு கணக்காப் படிக்குது, எனக்கு விடுதலை" என்று பத்திரிகையை என் மடியில் போட்டுவிட்டார். நிரம்பும் தட்டு அம்மாவுக்கு. எனக்குக் கிடைத்தது, பத்துப் பெண்கள் வாய் பார்த்து உட்கார்ந்திருக்கும் சுகம். அந்தச் சுகம் இன்றுவரை என்னை விடவில்லை.

அந்தக் கோடையின் கதை, அடித்துவிட்டு அழும் ஒரு கணவனையும் அவன் மனைவியையும் பற்றியது. அவளைக் கொட்டகையில் "நம்ம பொண்ணு" என்பார்கள். அவன் கை ஓங்கும் இடம் வந்தால் சீடை சுருட்டும் விரல்கள் வேகமாகும், வசவு தொடங்கும். "அந்தக் கையில ஒரு கரண்டி எண்ணெயைக் கோரி ஊத்தணும்த்தா" என்பார் மூக்காயி அத்தை. "ஊத்து, ஊத்து, எண்ணெய் ஆச்சியோடது" என்பார் அம்மா. பேசாமல் இருப்பது வள்ளி அக்கா மட்டும். சாக்கோட்டையிலிருந்து வந்து போகும் அவருக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது, பிள்ளை இல்லை. கழுத்திலும் தோளிலும் புதிதாக ஏதாவது ஒரு தடம் இருக்கும். யாராவது பார்த்துவிட்டால், "எண்ணெய் தெறிச்சிருச்சு" என்பார். அந்தக் கொட்டகையில் எண்ணெய் தெறிக்காத உடம்பே இல்லை. எண்ணெய்த் தடம் எப்படி இருக்கும், வேறு தடம் எப்படி இருக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லோரும், "பாத்துத்தா, தள்ளி நில்லு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

கடைசி அத்தியாயத்தில் "நம்ம பொண்ணு" பெட்டியைக் கட்டிவிட்டாள். வாசலில் அவன் நிற்கிறான். எனக்கு வாய் ஒரு வரியில் இருக்கும்போதே கண் நாலு வரி முன்னால் ஓடிவிடும், அப்படி ஓடிப் பார்த்துவிட்டேன். அவள் பெட்டியைக் கீழே வைத்து, அவன் காலில் விழுந்து, மன்னிப்பதுதான் பெண்மை என்று அழுகிறாள். நிமிர்ந்தேன். வள்ளி அக்காவின் கை நின்றிருந்தது, மாவு விரலோடு காய்ந்துகொண்டிருந்தது. "அவன் கையைத் தட்டிவிட்டு வாசலைத் தாண்டினாள். பஸ் வந்தது. ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காற்று முகத்தில் அடித்தது. முற்றும்" என்று படித்தேன். மூக்காயி அத்தை, "அப்படிப் போடு, ஒரு கதையாச்சும் உருப்படியா முடிஞ்சுதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்து, எண்ணெய் கொட்டிவிட்டது என்று சொல்லி, அடுப்பில் போட்டேன். நெருப்பு அதை எடுத்துக்கொண்டபோது எனக்கிருந்த கர்வத்தை இரண்டு நாவல் அச்சான பிறகும் நான் அடைந்ததில்லை.

பத்து நாள் கழித்து வள்ளி அக்கா வேலைக்கு வரவில்லை. ஒரு கட்டைப்பையோடு மதுரை பஸ்ஸில் ஏறியதை யாரோ பார்த்தார்களாம். கொட்டகையே "நம்ம பொண்ணு மாதிரியே" என்று மூக்கில் விரலை வைத்தது. நான் அன்று ராணி மாதிரி நடந்தேன். ஐந்தாம் நாள் அவர் திரும்பி வந்தார், யாரும் போய் அழைக்காமல், தானாக. அடுத்த வாரம் கொட்டகைக்கும் வந்தார். எங்கே போனீக, எதற்கு வந்தீக என்று யாரும் கேட்கவில்லை. "என்ன வள்ளி, இன்னிக்கு எந்த பஸ்ஸு?" என்று மட்டும் கேட்டார்கள். ஆறு மாதத்துக்கு அந்தக் கேலி ஓடியது. அம்மாவும் சிரித்தார். வள்ளி அக்காவும் சிரித்தார். நான் படிக்க உட்கார்ந்தபோது அவர் தன் பழைய இடத்தை விட்டு எனக்கு மறுபக்கம் வந்து உட்கார்ந்தார். இடது காது கேட்காமல் போயிருந்தது. அதற்கு எண்ணெயைச் சொல்ல முடியாது என்பதால் அவர் எதையும் சொல்லவில்லை.

அதற்கப்புறமும் லீவு முழுக்கப் படித்தேன். ஒரு வரியைக்கூட மாற்றவில்லை.

பிறகு மதுரையில் கல்லூரி, கவிதைப் போட்டிகள், இரண்டு நாவல்கள். இரண்டையும் பெண்ணிய நாவல்கள் என்றார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து, பெண்ணியம் என்றால் குடும்பத்தைக் கலைப்பதா என்று கேட்க, கலைந்துகிடப்பதைக் கலைந்தது என்று சொல்வதுதான் என்று நான் பட்டென்று பதில் சொல்ல, அரங்கம் ஆரவாரித்தது. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் புத்தகம் போட்டவர்கள், மீதிப்பேர் போடப்போகிறவர்கள். போன மாதம் அந்தப் பலகாரக் கொட்டகைக்குப் போயிருந்தேன். ஆச்சி காலமாகிவிட்டார், மருமகள் நடத்துகிறார். மாவு பிசைய மெஷின் வந்துவிட்டது. ஒவ்வொருத்தி காதிலும் ஒரு வயர், மாவு மூட்டையில் சாய்த்து வைத்த செல்போனில் சீரியல். ஆளுக்கொரு சீரியல் என்பதால் ஒருத்தி அழும்போது அடுத்தவள் சிரிக்கிறாள். "படிக்கிறவ பங்கு" என்றால் என்னவென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எல்லாச் சீரியலிலும் அவள் வீட்டை விட்டுப் போகிறாள், விளம்பரம் முடிந்ததும் திரும்பி வந்துவிடுகிறாள். பொழுதுபோக்கு பெண்களைத் தூங்க வைக்கிறது என்று நானே கட்டுரை எழுதியிருக்கிறேன். நாளெல்லாம் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவளுக்குத் தூக்கத்தைவிடப் பெரிதாக நான் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று அங்கே நின்றபோது யோசித்தேன்.

அங்கிருந்து நேரே சாக்கோட்டைக்கு, வள்ளி அக்கா வீட்டுக்குப் போனேன். என் இரண்டாவது நாவலைக் கொண்டுபோயிருந்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே கட்டிலில் அவர் கணவர், சர்க்கரையில் ஒரு கால் போய்விட்டது. நான் வலது காதுப் பக்கம் உட்கார்ந்து, இத்தனை வருடம் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அக்கா, அந்தக் கதை அச்சுல அப்படி முடியல. அவ அவன் கால்ல விழுந்துருவா. நான்தான் மாத்திப் படிச்சேன்."

பூண்டிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. "நெனச்சேன். அச்சடிக்கிறவுக அப்படியெல்லாம் போட மாட்டாகளேன்னு மாட்டுத்தாவணியில எறங்குனப்பவே நெனச்சேன்."

"எம்மேல கோவமில்லையாக்கா?"

"என்னத்துக்குக் கோவம். நீ சின்னப்புள்ள. பஸ்ஸு வரைக்கும் கொண்டாந்து விட்டே. எறங்கி எங்குட்டுப் போறதுன்னு ஒனக்கும் தெரியல, எனக்கும் தெரியல." புத்தகத்தைக் கையில் வாங்கி, அட்டையைத் தடவிப் பார்த்தார். "இப்பத்தான் பெரிய படிப்பெல்லாம் படிச்சிருக்கியே. இதுலயாச்சும் அது இருக்கா?"

என் நாவலின் கடைசிப் பக்கம் எனக்கு மனப்பாடம். கதவு சாத்தும் சத்தம், தெருவின் வெயில், அவள் நடக்கிறாள், முற்றும். முதல் நாவலும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

"இல்லக்கா."

"அப்பறம் இதை எனக்கு எதுக்குத்தா குடுக்குறே?" கோபமே இல்லாமல் புத்தகத்தை என் மடியில் வைத்தார். உள்ளேயிருந்து செருமல் கேட்டது. அந்தச் சத்தம் மட்டும் அவருக்கு எப்படியோ கேட்டுவிடுகிறது, எழுந்தார். அந்த நாலு நாளும் எங்கேயக்கா இருந்தீக என்று முதுகுப்பக்கமாகக் கேட்டேன். "பஸ்டாண்டுலதான். வேற எங்க. சொல்றதுக்கு அதுல என்ன இருக்கு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாவலை அந்த பஸ்டாண்டில் தொடங்கலாம் என்றிருக்கிறேன். திங்கட்கிழமை காலை ஒரு கட்டைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு, காரைக்குடியிலிருந்து புறப்பட்டு மாட்டுத்தாவணியில் இறங்கப்போகிறேன். சொந்தக்காரர் இல்லாத, யாரையும் தெரியாத ஒருத்தி அங்கிருந்து எங்கே போகலாம், வாடகைக்கு அறை கேட்டால் முதலில் என்ன கேட்பார்கள், வேலை கேட்டால் யார் பெயரைச் சொல்லச் சொல்வார்கள் என்று பொழுது இருக்கும்வரை விசாரித்துப் பார்க்க வேண்டும். என் பையில் ஏ.டி.எம். கார்டும் திரும்பி வர ஒரு வீடும் இருக்கும் என்பதால் இது பாதிப் பொய் என்பது தெரியும். முதல் அத்தியாயம் அவள் பஸ்ஸிலிருந்து இறங்குவது. இரண்டாம் அத்தியாயத்துக்கு என்னிடம் இன்னும் ஒன்றும் இல்லை.